மூன்று பத்தி அகலத்தில் சண்முகத்தாய்

சண்முகத்தாயின் படம் பத்திரிகையில் வந்த சேதியைக் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன் டிராக்டர் ஓட்டும் பால்பாண்டி. 2008ஆம் வருடம், பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கொடிகளை இழுத்துப் பந்தல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்த பத்துப் பெண்களும் டீத்தண்ணிக்குக் கை அலம்பிய நேரம். வரப்பில் ஏறும்போதே முந்தின நாள் மாலைப் பத்திரிகையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வந்தான்.

"ஏக்கா, சம்முகத்தாயக்கா! ஒன்னையப் பேப்பர்ல போட்டிருக்காக! மூணு பத்தி அகலத்துக்கு! மந்திரியையே இத்துனூண்டுதேன் போட்டிருக்காக."

பெண்கள் டீயை மறந்து மொய்த்துக்கொண்டார்கள். சண்முகத்தாயேதான். போன வருடம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் எடுத்த படம். இரண்டு கையிலும் தீச்சட்டி, அவிழ்ந்த தலைமுடி, நெற்றி நிறையக் குங்குமம், பிதுங்கிய கண், திறந்த வாய்.

"அடியாத்தே, எம்புட்டு லச்சணமா விழுந்திருக்கு!" என்றாள் சுப்புத்தாய். "வாயத்தேன் கொஞ்சம் மூடியிருக்கலாம்."

"அவ என்னைக்கு வாய மூடியிருக்கா, அன்னைக்கு மட்டும் மூட?" என்றாள் இன்னொருத்தி. சண்முகத்தாயும் சேர்ந்துதான் சிரித்தாள். நாலாவது வரை படித்தவள். பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டி வாசித்துவிடுவாள். அன்று கை ஈரமாக இருந்ததால், "நீயே வாசிடா" என்றாள்.

பால்பாண்டி வாசித்தான். "அம்மனை இழிவுபடுத்திய கவிதை நூல். பக்தர்கள் கொந்தளிப்பு. தமிழாசிரியர் ஞானசிகாமணியை டிஸ்மிஸ் செய்யக் கோரிக்கை." படத்துக்குக் கீழே இருந்ததையும் வாசித்தான். "கொதித்தெழுந்த பக்தை."

சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் மகிமா பக்கம் திரும்பின. அந்தப் பத்துப் பேரில் மகிமாவும் ஒருத்தி. ஞானசிகாமணி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தாய் தகப்பன் போன பிறகு இதே பந்தலுக்குக் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான். அவர்கள் தெருவில் முதல் பி.ஏ., முதல் பி.எட். அவன். தேனியில் வேலை கிடைத்த அன்று இந்தப் பத்துப் பேருக்கும் லட்டு வாங்கி வந்து, ஒவ்வொருத்தி கையிலும் அவனே கொடுத்தான்.

மகிமா கூட்டத்தை விட்டு விலகினாள். கத்தரியை வரப்பில் வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பாராமல் நடந்தாள்.

"ஏ மகிமா! ஏ புள்ள, நில்லு!"

அவள் நிற்கவில்லை. மறுநாளும் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சண்முகத்தாய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர். புருசன் சுருளி தென்னந்தோப்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அதிகம் பேசமாட்டார், வீட்டில் பேச்சு அவள் ஒருத்தியாலேயே நிறைந்துவிடும் என்பதால். பதினேழு வருடமாகத் திராட்சை வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள்தான். தோட்டக்காரர்கள் வேலையை அவளிடம்தான் பேசுவார்கள். ஒரு கொடியைப் பார்த்தால் எத்தனை முளைக்கண் விட்டு வெட்டவேண்டும் என்று சொல்லிவிடுவாள். விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள்கூட ஒரு தடவை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் பிள்ளை ஆண். மூன்று வயதில் அம்மை போட்டு ஏழாம் நாள் போனான். அவன் போன எட்டாம் நாள், கைப்பிள்ளை நதியாவுக்கும் போட்டது. அவள் பிழைத்தாள். இரண்டும் ஒரே ஆத்தாளின் வேலை. அதற்கு அடுத்த சித்திரையிலிருந்து வருடம் தவறாமல் சண்முகத்தாய் வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுக்கிறாள். மகள் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான். மகளுக்காகச் சட்டி ஏந்துவாள், மகனுக்காக வைவாள். முல்லையாற்றில் குளித்து, கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். சன்னதி வாசலில் சட்டியோடு நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்து, ஆத்தாளை ஆத்தாள் முகத்துக்கு நேரே வைவாள். அவள் தெருப் பெண்களில் பலரும் இப்படித்தான். ஒருத்திக்குக் குடிகாரப் புருசன், ஒருத்திக்குக் கிணற்றில் விழுந்த மாடு. ஆளுக்கொரு வழக்கு. பூசாரி காதை மூடிக்கொண்டதில்லை. "முடிச்சுட்டியாத்தா? திருநீறு வாங்கிக்க, பின்னால ஆளு நிக்கிது" என்பார்.

பத்திரிகைக்காரன் எடுத்தது அந்த நேரத்துப் படம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சண்முகத்தாய் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மகிமா வீட்டுக்கே போனாள். கதவு சாத்தியிருந்தது.

"தொறடி. தொறக்காட்டி இங்கனயே குந்திக்கிட்டு ஒன்னையும் வைவேன். எனக்கு வையுறதுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

கதவு திறந்தது. மகிமாவின் கண் வீங்கியிருந்தது. உள்ளே சேரில் ஞானசிகாமணி நாலு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மன்னிச்சிரு அக்கா," என்றாள் மகிமா. "தப்பு என்னோடதுதேன்."

"ஏண்டி, எம் படம் பேப்பர்ல வந்ததுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற?"

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. ஒரு கிறிஸ்துமஸ் லீவில் தம்பி வந்திருந்தபோது, சண்முகத்தாய் ஆத்தாளை வைகிற கதையை மகிமா அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதைக் கவிதையாக எழுதிப் புத்தகத்தில் போட்டுவிட்டான். தன் மனத்துயரத்தை விற்றுவிட்டார்கள் என்று சண்முகத்தாய் கொதித்துப்போய் மனுக் கொடுக்கப் போயிருக்கிறாள் என்றே மகிமா மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வராததற்குக் காரணம் கோபமில்லை, அவள் முகத்தில் விழிக்க வெட்கம்.

"நான் எந்த மனுவும் குடுக்கல. எவனும் எங்கிட்ட வரவுமில்ல. போன வருசத்துப் போட்டோடி அது. தம்பி, அத வாசிங்க. என்னத்த எழுதியிருக்கீகன்னு கேப்போம்."

ஞானசிகாமணி புத்தகத்தை எடுத்தான். பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தான்.

"ஆயிரம் கண்கள் உனக்கு.
என் பிள்ளை போன வழியில்
ஒன்றுகூட விழித்திருக்கவில்லையா?"

இன்னும் பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. முடியும்வரை அவள் தலையைக் குனிந்து கேட்டாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "இதுக்கா?" என்றாள்.

"ஆமாக்கா."

"ரொம்ப மரியாதையால்ல வைஞ்சிருக்கீக! 'விழித்திருக்கவில்லையா'ன்னு ஆபீசருகிட்ட கேக்குற மாதிரி. 'ஒன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு'ன்னுல்ல நான் கேப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா தம்பி, எம் பிள்ளைய எழுதுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டா இன்னும் நல்லாவே சொல்லிக் குடுத்திருப்பேன்."

அவன் தரையைப் பார்த்தான். "தப்புத்தான்."

"சரி. அத நாம அப்பறம் பேசிக்குவம். இப்ப என்ன ஆகும்?"

அவன் சொன்னான். வேலை செய்யும் தனியார் பள்ளியின் நிர்வாகம் அவனை லீவில் போகச் சொல்லியிருக்கிறது. அடுத்த வாரம் கழித்து வெள்ளிக்கிழமை விசாரணை. "மனுக் கொடுத்தவங்க ஏழு பேருதான். அது மட்டும்னா பள்ளிக்கூடத்துல பெருசா எடுத்திருக்க மாட்டாங்க. இந்தப் படத்தப் பாத்துத்தான் பயந்துட்டாங்க. ஊரு ஊராப் பொம்பளைங்க தீச்சட்டியத் தூக்கிட்டு வந்து கேட்டுல நிப்பாங்கன்னு நினைக்கிறாங்க. அந்தப் பேப்பரத்தான் ஃபைல்ல முதல்ல வச்சிருக்காங்க."

சண்முகத்தாய் எழுந்து சேலையை உதறினாள். "எம் மூஞ்சிய வச்சு ஒங்க வேலைய எடுக்கவா? பாத்துருவோம். நாளைக்கு அந்தப் பேப்பராபீஸ் எங்கனன்னு காட்டு மகிமா."

வீட்டில் சுருளி கேட்டுவிட்டு, அவருக்கு அபூர்வமாக வரும் நீளமான வாக்கியம் ஒன்றைச் சொன்னார். "பேப்பர்க்காரன், கட்சிக்காரன், கோயில்காரன் எல்லாத்துகிட்டயும் நமக்கெதுக்கு வம்பு?"

"வம்பு அவுகளுது. மூஞ்சி என்னுது," என்றாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பத்திரிகையின் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நிருபர். நிருபர் பெயர் பொன்னுராஜ், முப்பது வயதுக்காரன். மாடிப்படியில் ஏறிவந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து பின்பக்கச் சன்னலைப் பார்த்தான்.

"குதிச்சிராத தம்பி, அடிக்க வரல," என்றாள். "இந்தப் படத்த எதுக்குப் போட்ட?"

"அது... ஃபைல்ல கெடந்த பழைய போட்டோ, அம்மா."

"பைலோ கியிலோ. அன்னைக்கு மனுக் குடுத்தப்ப நான் அங்கன இருந்தேனா?"

"இல்ல." அவன் நெற்றியைத் துடைத்தான். "ஏழு பேருதாம்மா வந்தாக. நான் வண்டியப் போட்டுக்கிட்டுப் போறதுக்குள்ள மனுவக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாக. படமில்லாம செய்தி நிக்காது. பக்தர்கள்னு செய்தி, பக்தர் படம் வேணும். ஒங்களது கையில இருந்துச்சு. கோவமா வேற இருந்தீகளா, பொருத்தமாப் போச்சு."

"கோவமாத்தேன் இருந்தேன். யாரு மேலன்னு கேட்டியா?"

பொன்னுராஜ் உண்மையாகவே குழம்பினான். "சாமியப் பத்தித் தப்பா எழுதுனா சாமி கும்பிடுறவுகளுக்குக் கோவம் வரும்ல? இதப் போயி கேக்கணுமாம்மா?"

"கேக்கணும்."

"சரிம்மா, மறுப்புப் போடணும்னா பத்திரிகை ஆசிரியர் சொல்லணும். மதுரைக்கு எழுதிப் போடுறேன்."

"எழுதிப் போடு. நான் நாளைக்கழிச்சு வாறேன். அதே எடத்துல, அதே அகலத்துல வரணும்."

சொன்னபடி வந்தாள். மதுரையிலிருந்து பதில் வரவில்லை என்றான். மறுபடி வந்தாள். கம்பத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டித் தேனி. வீரபாண்டி வரும்போது பஸ்ஸிலிருந்தபடியே கோயில் பக்கம் திரும்பி, "ஒன்னாலதேன் இம்புட்டு அலைச்சலும்" என்று முனகினாள். முன்சீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

நாலாவது தடவை போனபோது பொன்னுராஜ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஒரு கூட்டம் இருக்கும்மா. ஞானசிகாமணி சாருக்கு ஆதரவா எழுத்தாளர்களெல்லாம் வாறாக. அங்க நீங்க போகாம இருக்கறது நல்லது."

"ஏன்? ஆதரவுன்னா நல்லதுதான?"

"மேடையில ஒங்க படந்தாம்மா. அவுகளும் எங்க பேப்பர்ல இருந்துதான் எடுத்துக்கிட்டாக."

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகத்தாயும் மகிமாவும் மண்டப வாசலில் நின்றார்கள். ஞானசிகாமணி வரவில்லை. விசாரணை முடியும்வரை எந்தக் கூட்டத்துக்கும் போகக்கூடாதென்று பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். மஞ்சள் சேலையும் பெரிய பொட்டுமாக ஒருத்தி வருவதைப் பார்த்ததும் வாசலில் நின்ற இரண்டு இளைஞர்கள் குறுக்கே கை நீட்டினார்கள்.

"அம்மா, பிரச்சினை பண்ண வேணாம். மனுக் குடுக்கணும்னா கலெக்டர் ஆபீஸ் போங்க."

"நான் கூட்டத்துக்கு வந்திருக்கேன்யா."

"ஒங்க ஆளுக எத்தன பேரு வெளிய நிக்கிறாங்க?"

"எங்க ஆளா? இந்தா, இவ ஒருத்திதேன். மகிமா. ஒங்க கூட்டமே இவ தம்பிக்குத்தேன்."

பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் அவள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ். இடது பக்கம் சங்கிலியில் கட்டிய பேனா. வலது பக்கம் சண்முகத்தாய். முகத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். திறந்த வாய்க்குக் கீழே 'வெறி' என்று ஒரே ஒரு சொல். அதைக் கூட்டி வாசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் சூரியபிரகாஷ். நல்ல மனிதர். வந்த மிரட்டலுக்குப் பயந்து மண்டபக்காரர் கையை விரித்தபோது, தன் பெயரில் எழுதிக்கொடுத்து மண்டபம் பிடித்தவர் அவர்தான். கவிஞனுக்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தார். "நம்பிக்கையாளருக்குக் கேள்வி என்றால் பயம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தன் தெய்வத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவருக்கு உலகமே இடிந்துவிடும். இதோ, இந்த முகத்தைப் பாருங்கள்!"

கூட்டம் முகத்தைப் பார்த்தது. முகத்துக்கு நேர் கீழே அதே முகம் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா," என்றாள் சண்முகத்தாய். "அது நாந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை கேட்டா ஒலகம் இடிஞ்சிரும்னீக. நான் பதினெட்டு வருசமாக் கேக்குறேன். என்ன கேக்குறேன்னு கேக்குறீகளா?"

பேராசிரியர் மைக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை. கண்ணை மூடினாள். வீரபாண்டி சன்னதியில் நிற்பது போலக் கையை முன்னால் ஏந்தினாள்.

"ஏ ஆத்தா! ஒன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? வருசா வருசம் ஒடம்பெல்லாம் ஓட்ட போட்ட ஆயிரங்கண் பானையத் தூக்கியாந்து ஒன் காலடியில வைக்கிறோமே, அதுல ஒரு கண்ணத் தொறந்து எம் மவனப் பாத்தியாடி? ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு ஓடுனேன், ஒன் வாசலுக்கும் தூக்கிட்டு ஓடியாந்தேன். டாக்டரு கைய விரிச்சாரு, அவரு மனுசன். நீ கைய விரிக்கலாமா? ஒன்னக் கொண்டுபோயி ஒன்னக் குடுத்தியே, இது என்ன நாயம்? எவ சொல்லிக் குடுத்தா ஒனக்கு இந்த நாயத்த? எறங்கி வா! வந்து பதில் சொல்லிட்டுப் போ! நீ சொல்றவரைக்கும் வருவேன். சட்டியத் தூக்கிக்கிட்டு வருவேன். ஒன்ன விடமாட்டேன்!"

மகிமா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு முதல் வரிசையில் ஒருவர் கை தட்டினார். அது பரவி, மண்டபமே எழுந்து நின்று தட்டியது.

சண்முகத்தாய் கண்ணைத் திறந்தாள். "கை தட்டாதீக," என்றாள். "ஒங்களுக்காக வையல. இது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

சத்தம் அடங்கியது.

"மாஸ்டரு எழுதுன பாட்டு இதுல இருந்து வந்ததுதேன். எனக்கு அதுல கோவமில்ல. ஆனா எம் மூஞ்சியப் போட்டு அங்கன ஒருத்தன் கொதிச்சவன்னு எழுதிட்டான், இங்கன நீங்க வெறி புடிச்சவன்னு எழுதியிருக்கீக. ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து கேக்கல. அதைக் கழத்துங்க."

பேராசிரியருக்குக் கண் கலங்கியிருந்தது. "அம்மா, எங்களை மன்னிக்கணும். உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பீங்கன்னு நாங்க நினைக்கலை. நீங்க ஒரு விதிவிலக்கு."

"அப்படின்னா?"

"மத்தவங்க மாதிரி இல்லாத ஆள்."

"எங்க தெருவுல மட்டும் பதினொரு சட்டி கெளம்புது ஐயா. அந்தப் பதினொரு பேருல எத்தன பேரைக் கேட்டுட்டு என்னைய மட்டும் வேறங்குறீக?"

அறுபத்தைந்து வயதில், பேராசிரியரே ஒரு சேரை இழுத்துப்போட்டு அதில் ஏறி, ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். வாசலில் தடுத்த பையன்கள் ஓடிவந்து சேரைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது டிஜிட்டல் கேமராவோடு ஒருவன் ஓடிவந்தான். "அம்மா, எங்க பத்திரிகை அட்டையில உங்க படம் போடலாமா? 'கேள்வி கேட்கும் பக்தை'ன்னு."

"போடலாமான்னு கேட்டீல்ல? அதுக்கு ஒனக்குக் கோடிப் புண்ணியம்," என்றாள். "வேணாம்."

விசாரணை நாளன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளே போனாள். பள்ளிச் செயலாளர் முத்துராஜா போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர், வருடம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுகிற குருசாமி. மேசையின் ஒரு பக்கம் ஞானசிகாமணி. எதிர்ப்பக்கம், ஏழு பேரோடு வந்து மனுக் கொடுத்த, புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டிய பக்தர் பேரவையின் தலைவர் முத்துக்கருப்பன். நடுவில் விரித்து வைத்திருந்த பத்திரிகை.

"மாவட்டத்துல இருக்குற அம்புட்டு பக்தர்களோட மனசும் புண்பட்டிருக்கு," என்று முத்துக்கருப்பன் சொல்லிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முத்துராஜா அவளையும் பத்திரிகையையும் பார்த்துவிட்டுத் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், பின்னால் சட்டிகள் வருகின்றனவா என்று.

"ஒண்டியாத்தேன் வந்திருக்கேன், உக்காருங்க," என்றாள்.

முத்துக்கருப்பன் முகம் மலர்ந்தது. "வாங்கத்தா! நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும்!"

"எனக்கு வலிக்கல. நான் ஒங்களோட மனுவுல இல்ல. அந்தப் படம் போன வருசத்துது." அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "பாட்ட முழுசா வாசிச்சியாப்பா?"

"ரெண்டு வரி போன்ல வந்துச்சு."

"முழுசா வாசி."

ஞானசிகாமணி புத்தகத்தை நீட்டினான். முத்துக்கருப்பன் செயலாளரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். உதடு அசைய, நிதானமாக வாசித்தான். முடித்துவிட்டு மூடி வைத்தான். அவன் குரலிலிருந்த மேடைச் சத்தம் போய்விட்டது.

"எங்கம்மா சாகுறவரைக்கும் ஆயிரங்கண் பானை எடுத்தா. அவளுக்கு எல்லாமே ஆத்தாதேன். இத வாசிச்சா எனக்கு இன்னமும் வலிக்கத்தேன் செய்யிது. நான் பொய் சொல்லலத்தா."

"பொய்யின்னு நானும் சொல்லல. வலிச்சா, எனக்கு வலிக்குதுன்னு ஒன் பேரப் போட்டுச் சொல்லு. அம்புட்டுப் பேருக்கும் வலிக்குதுன்னு எம் மூஞ்சியக் காட்டாத. எங்கிட்ட நீ வந்து கேட்டியா?"

"இல்ல," என்றான் முத்துக்கருப்பன்.

முத்துராஜா பேனாவைத் திறந்தார். "நீங்க யாரு சார்பாப் பேசுறீங்கம்மா? எழுதணும்."

"என் ஒருத்தி சார்பா. சம்முகத்தாய், காமயகவுண்டன்பட்டி. எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன்."

எழுத்தெழுத்தாகப் போட்டாள். முத்துராஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பத்திரிகையை நாலாக மடித்து, ஃபைலில் சேர்க்காமல் தள்ளி வைத்தார். "ஏழு பேர் மனு, ஏழு பேர் மனுவாவே இருக்கட்டும் முத்துக்கருப்பன். அதுக்குப் பதில் எழுதி அனுப்புறோம். சார், நீங்க திங்கக்கிழமை வந்து பப்ளிக் பரீட்சைப் பேப்பர் வேலையப் பாருங்க. புத்தகத்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள விக்க வேணாம், அம்புட்டுத்தான்."

முத்துக்கருப்பன் மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் பேனா வாங்கி, 'அனைத்து பக்தர்களின் சார்பாக' என்ற வரியை அவனே அடித்தான்.

வெளியே வந்ததும் ஞானசிகாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்டுக்கு வெளியே காத்திருந்த மகிமா அழுதாள். சண்முகத்தாய் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கவில்லை. "அழுகைய பஸ்ஸுல வச்சுக்கலாம். வேலை முடியல. வா."

ஐந்தாவது தடவையாக அந்த மாடிப்படி. பொன்னுராஜ் இந்தத் தடவை சன்னலைப் பார்க்கவில்லை. சேரை இழுத்துப் போட்டான்.

"மதுரையில சரின்னுட்டாகம்மா. அதே அகலம் கெடைக்கல, ஒரு பத்திதான். படமும் போடல. ஆனா அதே பக்கம். நீங்க பாத்துச் சொன்னா இப்பவே அனுப்பிருவேன்."

"வாசி."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தான். "அண்மையில் வெளியான படத்தில் இருப்பவர் காமயகவுண்டன்பட்டியைச் சேர்ந்த சண்முகத்தாய். அவர் போராட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. கவிதை நூல் குறித்து அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவருக்கு எவர் மீதும் கோபம் இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்."

"கடைசிக்கு முந்துன வரிய அழி," என்றாள்.

"எதம்மா? கோபம் இல்லன்னு போட்டிருக்கேனே, நல்லதுதான?"

"எனக்குக் கோவம் இருக்கு. ஆத்தா மேல. அத எழுது."

பொன்னுராஜ் அவளைப் பார்த்தான். மகிமாவைப் பார்த்தான். "இதப் போட்டா, நாளைக்கு ஒங்க மேலயே மனுக் குடுப்பாகம்மா."

"குடுக்கட்டும். எம் பேரு, என் ஊரு, என் கோவம். சரியா எழுதியிருந்தாச் சரி."

அவன் அந்த வரியை அழித்துவிட்டு அவள் சொன்னபடியே அடித்தான். திரையைத் திருப்பி அவள் பக்கம் காட்டினான். சண்முகத்தாய் குனிந்து, எழுத்துக்கு எழுத்து கூட்டி, முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் தலையாட்டினாள்.